மதுராந்தகரின் தீர்த்தம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்மலைச் சாலையில் காடி நிறுத்த இடமில்லை என்றால் தைப்பூசம் வந்துவிட்டது என்று பினாங்கில் பொருள். சென்ற ஆண்டு அந்தப் பொருள் மாறிப்போனது. பூசமும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. ஆனால் சாலையின் இரண்டு பக்கமும் காடிகள். பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்தவர்கள், கெப்பாலா பத்தாஸிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் எல்லாரும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மலை ஏறாமல் அடிவாரத்துச் சந்துக்குள் திரும்பினார்கள். மேலே இருக்கும் முருகன் அத்தனை படியும் ஏறி வரச் சொல்கிறான். சந்துக்குள் இருந்த மதுராந்தக சுவாமிகளுக்கு ஒரே ஒரு மாடிதான். ஏர்கோன் குளிர் வேறு.

மதுரம் என்றால் இனிப்பு. அந்தகன் என்றால் எமன். ஆக, சுவாமிகள் இனிப்புக்கு எமன். இனிப்புநீர் என்று நம்மவர்கள் சொல்கிற நீரிழிவு நோயை, மாத்திரை இல்லாமல், ஊசி இல்லாமல், முக்கியமாக வாயைக் கட்டாமல் இறக்கிவிடுவார் என்று சுவரொட்டி சொன்னது. இமயமலையில் நெடுங்காலம் தவம் இருந்தவராம். அங்கே இனிப்புநீர்க்காரர்கள் போதிய அளவு கிடைக்காததாலோ என்னவோ, நம்மூருக்கு இறங்கி வந்திருந்தார். வந்த இடம் சரியான இடம். தே தாரிக் தேநீரில் இனிப்பான பால்டின் குறையக் கூடாது, இரத்தத்தில் சர்க்கரை மட்டும் குறைய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இங்கே ஏராளம்.

சுவாமிகளிடம் ஒரு புதுமை இருந்தது. மற்ற சாமியார்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்வார்கள். இவர் கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார். மேடையில் பெரிய திரை. கடையில் விற்கும் சாதாரண சர்க்கரை மீட்டர். அதன்மேல் ஒரு கேமரா. எண் விழுந்தால் மண்டபம் முழுவதற்கும் தெரியும்.

முறை இதுதான். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் தேனில் ஊறிய பேரீச்சம்பழம் ஒன்று வலது கையில் வைக்கப்படும். தின்னக் கூடாது. பஜனை முடியும்வரை கையை மூடி இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இதற்கு 'சர்க்கரைச் சிறை' என்று பெயர். பிறகு பழத்தைத் தட்டில் போட்டுவிட்டு, பட்டுத்துணியால் கையை ஒற்றிக்கொண்டு மேடை ஏற வேண்டும். அறிவிப்பாளர் பிரமிளா விரலில் ஊசி குத்துவார். நோயில்லாதவருக்கு ஐந்து, ஆறு என்று நிற்க வேண்டிய எண் திரையில் விழும். இருபத்தைந்து! முப்பது! மண்டபம் "ஐயோ" என்று அலறும். அதன்பின் சுவாமிகள் மந்திரம் சொல்ல, வெள்ளிப் பாத்திரத்துத் தீர்த்தத்தில் பக்தர் கையை நன்றாக அலசித் துடைத்துக்கொள்வார். மறுபடியும் ஊசி. பதினான்கு!

"பாதி போயிருச்சு!" என்று பிரமிளா ஒலிவாங்கியில் கூவுவார். "மிச்சப் பாதி அடுத்த வாரம். கை தட்டுங்க லா!"

கெப்பாலா பத்தாஸ் சந்திரசேகரன், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், மேடை ஏறிய அன்று மீட்டரில் எண்ணே வரவில்லை. எச், ஐ என்று ஆங்கில எழுத்து இரண்டுதான் தெரிந்தன. அளக்க முடியாத உயரம் என்று அந்தக் கருவி சொல்லும் முறை அது. "பாத்தீங்களா? மெஷினே சாமிக்கு ஹாய் சொல்லுது!" என்றார் பிரமிளா. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மாத்திரைகளை ஒப்படைக்க ஓர் உண்டியல் இருந்தது. "மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும். கிட்னி போனா மிசின்ல படுக்கணும். படுக்கணுமா?" என்று சுவாமிகள் கேட்பார். யார்தான் படுக்க விரும்புவார்கள்? மெட்ஃபார்மின் அட்டைகள் உண்டியலில் விழும். தட்சணை அவரவர் பக்தியைப் பொறுத்தது. பக்தி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மட்டும் வாசல் பலகையில் எழுதியிருந்தது.

இந்த மண்டபத்தில் முன்வரிசையில், மஞ்சள் தொண்டர் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் குணாளன். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. இனிப்புநீர் வந்து ஆண்டுகள் ஆகின்றன. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, சர்க்கரையை ஏழு எட்டில் வைத்திருந்தார். அவருடைய துன்பம் சர்க்கரை அல்ல, மாத்திரை. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் 'நீ நோயாளி' என்று யாரோ சொல்வதுபோல் இருக்கும். சாமி வேறு மாதிரி சொன்னார்: 'நீ நோயாளி இல்லை, பக்தன்.' எந்த மனிதனுக்குத்தான் இது பிடிக்காது?

அவர் மனைவி ஜெகதீஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளர் அவர். சரி என்று முத்திரை குத்துவதற்கு முன் எதையும் திருப்பிப் பார்க்கிற புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுகிற வேலை என்று குணாளன் கேலி செய்வார்.

"மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்று ஜெகதீஸ்வரி கேட்டது உண்டியல் நிரம்பிய பிறகுதான்.

"விட்டாச்சு. பாரு, சட்டையெல்லாம் லூசாயிருச்சு. உடம்பு எறங்குது."

"தண்ணியா குடிக்கிறீங்க. பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் பாத்ரூம் போறீங்க. அது எறங்குறது இல்லங்க, கரையிறது."

"நஞ்சு வெளிய போவுதுன்னு சாமி சொன்னாரு."

எதைக் கேட்டாலும் சாமி ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார். தாகம் எடுத்தால் உள்ளே இருக்கும் சூடு அடங்குகிறது. கால் மரத்துப்போனால் நரம்பு ஓய்வெடுக்கிறது. கண் மங்கினால் ஞானக்கண் திறக்கத் தயாராகிறது. தீர்த்தத்தில் அலசிய பிறகு குணாளனுக்கு வரும் எண் முதலில் பதினொன்றாக இருந்தது, பிறகு பதினான்கு, பிறகு பதினாறு என்று வாராவாரம் ஏறியது. அதற்கும் பதில் இருந்தது: அடியில் படிந்த சர்க்கரை மேலே வருகிறது. கிணறு தூர் வாருவதுபோல. மண்டபத்தில் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

குணாளன் தான் பெற்ற இன்பத்தைத் தன் அக்கா நவமணிக்கும் கொடுத்தார். பாகான் டாலாமில் மகன் வீட்டில் இருந்தவர். கால் பெருவிரலில் செருப்பு கடித்த சின்னப் புண். கிளினிக்கில் மருந்து கட்டிக்கொண்டு, மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். தம்பி சொன்னானே என்று அவரும் அட்டைகளை உண்டியலில் போட்டார். புண் ஆறவில்லை. கறுத்தது. நாற்றம் வந்தது. காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியபோது மகன் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். உயிர் தப்பியது. பெருவிரல் தப்பவில்லை.

குணாளன் வெளிறிப்போய் சுவாமிகளிடம் ஓடினார். சுவாமிகள் கண்ணை மூடி, திறந்து, பெருமூச்சு விட்டார்.

"உங்க அக்கா நம்பிக்கையில ஒரு விரலளவு குறை இருந்துச்சு. அதான்."

இதைக் கேட்டு வந்து அப்படியே வீட்டில் சொன்னார் குணாளன். அப்போதும் கழுத்தில் மஞ்சள் பட்டை இருந்தது. ஜெகதீஸ்வரி கையில் இருந்த தட்டைக் கழுவித் துடைத்து வைத்தார்.

உண்மை வெளிப்பட்டது ஆராய்ச்சிக்கூடத்தில் அல்ல. திராட்சைப்பழத்தில்.

தொழிற்சாலையில் ஒரு விருந்து. ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். ஜெகதீஸ்வரி பழக்கலவை செய்ய ஒப்புக்கொண்டு, ஒரு கூடை திராட்சையைப் பாதி பாதியாக நறுக்கிக்கொண்டிருந்தார். மேசையில் கணவரின் மீட்டர் கிடந்தது. நவமணி அக்காவின் நினைவு வந்தது. தமக்கும் வயது ஆகிறதே என்று தோன்றியது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு விரலைக் குத்திப் பார்த்தார்.

இருபத்திரண்டு.

போன மாதம்தான் தொழிற்சாலையில் இரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு மாதத்தில் இருபத்திரண்டா? மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடினார். அங்கேதான் நூருல் ஹுதா இருந்தார். அரசாங்கக் கிளினிக்கில் மருந்தாளர். குணாளனுக்கு இத்தனை காலம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர்.

நூருல் ஹுதா மீட்டரைப் பார்த்தார். பிறகு ஜெகதீஸ்வரியின் கையைப் பார்த்தார். விரல் நகத்தோரம் திராட்சைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கை கழுவுனீங்களாக்கா?"

"தொடச்சேன்."

"தொடச்சா பத்தாது. உள்ள போங்க, சோப்பு போட்டுக் கழுவி, நல்லாக் காய வெச்சிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தார். புது ஊசி, மீட்டரில் செருகப் புதுச் சோதனைப் பட்டை. ஐந்து புள்ளி ஆறு.

"அப்ப அது என்ன?"

"அது திராட்சைக்கு இனிப்புநீர்" என்று சிரித்தார் நூருல் ஹுதா. "மெஷின் ஒரு துளி ரத்தத்ததான் அளக்குது. விரல் மேல பழச்சாறு ஒட்டியிருந்தா அதுவும் அந்தத் துளியில கலந்திரும். அது எது ரத்தம், எது பழம்னு பிரிச்சுப் பாக்காது. அதனாலதான் குத்துறதுக்கு முன்னாடி கை கழுவச் சொல்றோம். யாரு கேக்குறா?"

ஜெகதீஸ்வரி தம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தொழிற்சாலையில் ஓர் அளவு விநோதமாக வந்தால் பொருளைத் தூக்கி எறியமாட்டார்கள். முதலில் அளந்த விதத்தைப் பார்ப்பார்கள். பேரீச்சம்பழம். தேன். மூடிய வலது கை. பட்டுத்துணி. பிறகு தீர்த்தம்.

"அட பாவி" என்றார். "கை கழுவ வெச்சே கோயில் கட்டிட்டானே."

விஷயத்தைக் கேட்டதும் நூருல் ஹுதாவின் சிரிப்பு போய்விட்டது. "அண்ணன் மருந்து வாங்க வராதப்பவே எனக்குச் சந்தேகம் கா. போன் அடிச்சேன், எடுக்கல. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. பதினாறு பதினேழுன்னு ஓடுறது வெளையாட்டு இல்ல."

அன்று மாலை ஜெகதீஸ்வரி கணவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். திராட்சையை நசுக்கிக் குத்திக் காட்டினார். கழுவிக் குத்திக் காட்டினார். குணாளன் பொறுமையாகப் பார்த்தார். நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒரு தனிப் பொறுமை உண்டு. எதைக் காட்டினாலும் பார்ப்பார்கள்.

"இது வீடு. அது சன்னிதி. இங்க நடக்குறது வேற, அங்க நடக்குறது வேற."

"சரி. அப்ப அங்கயே பாத்துக்கலாம்" என்றார் ஜெகதீஸ்வரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் கிளம்பினார். மனைவி மனம் மாறிவிட்டாள் என்று குணாளனுக்கு ஒரே மகிழ்ச்சி. "எங்க வீட்டுக்காரம்மா" என்று பிரமிளாவிடம் அறிமுகம் செய்துவைத்தார். மாறாத மனதை மாற்றிய சுவாமிகளின் மகிமையைப் பிரமிளா உடனே ஒலிவாங்கியில் அறிவித்தார். மண்டபம் கைதட்டியது. ஜெகதீஸ்வரி பணிவாகக் கும்பிட்டு, வலது கையில் பழத்தை வாங்கிக்கொண்டார். இடது கை மடியில் சும்மா கிடந்தது. பஜனை முடிந்தது. பழம் தட்டுக்குப் போயிற்று. பட்டுத்துணி வந்தது. அழைக்கப்பட்ட முதல் பெயர் அவருடையது.

பிரமிளா வலது கை விரலைக் குத்தினார். திரையில் எண் விழுந்தது. இருபத்தொன்பது.

"ஐயோ!" என்றது மண்டபம். குணாளன் எழுந்து நின்றுவிட்டார். தம் மனைவிக்குமா?

"பயப்படாதே தாயே" என்றார் சுவாமிகள். "தீர்த்தத்துல கைய விடு."

"விடுறேன் சாமி. அதுக்கு முன்னாடி ஒண்ணு." ஜெகதீஸ்வரி தோள்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். மேடை ஓரத்துத் தாம்பாளத்தின்மேல் இடது கையை நீட்டி, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். புதிய காகிதத் துண்டால் ஈரம் போகத் துடைத்தார். "இது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. மந்திரம் எதுவும் போடல. இப்ப இந்தக் கை விரலக் குத்துங்க."

பிரமிளா சுவாமிகளைப் பார்த்தார்.

"இடது கை ஆகாது" என்றார் சுவாமிகள். "அது அசுத்தமான கை."

"அப்ப அதுல ஓடுறது யாரு ரத்தம் சாமி?"

எங்கோ பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜெகா, கீழ எறங்கு" என்றார் குணாளன் பல்லைக் கடித்தபடி.

"ஒரு குத்துதானே, குத்தட்டுமே லா" என்றது இன்னொரு குரல். சந்திரசேகரன். தம்மைப் பார்த்து ஹாய் சொன்ன மீட்டர்மீது அவருக்கு ஒரு தனிப் பாசம் வளர்ந்திருந்தது. "சாமிக்கு என்ன பயம்?"

பக்தர்கள் சாமியைக் காப்பாற்ற நினைத்துச் செய்கிற காரியம்தான் எப்போதும் சாமியைக் கவிழ்க்கும். "ஆமா, குத்துங்க! சாமி மகிமைய அந்தம்மா பாக்கட்டும்!" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. பிரமிளாவுக்கு வேறு வழியில்லை. புது ஊசி எடுத்தார். அதே மீட்டர். அதே திரை.

ஐந்து புள்ளி நான்கு.

பிரமிளா மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

ஜெகதீஸ்வரி இரண்டு கைகளையும் கூட்டத்துக்குக் காட்டினார். "சாமி, எனக்கு ஒரு சந்தேகம். எனக்கு வலது பக்கத்துக்கு மட்டும் இனிப்புநீரா?"

சிலர் சிரித்தார்கள். பலர் தங்கள் வலது கையைப் பார்த்தார்கள். முகர்ந்து பார்த்தவர்களும் உண்டு.

"இது... இது அருள் பாஞ்ச வேகம்" என்றார் சுவாமிகள். "வலது பக்கம் வாங்கி, இடது பக்கம்..."

"அப்படியா? அப்ப நீங்களும் ஒரு பழத்தப் பிடிங்க. உங்களுக்குத்தான் நோயே கெடையாதே. உங்க வலது கை என்ன சொல்லுதுன்னு திரையில பாப்போம்."

சுவாமிகள் பழத்தைப் பிடிக்கவில்லை. இனிப்புக்கு எமனானவர் ஒரு பேரீச்சம்பழத்தைக் கண்டு இரண்டடி பின்வாங்கினார்.

அப்போதுதான் குணாளன் மேடை ஏறினார். மனைவியை இறக்கிக் கூட்டிப்போகத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஜெகதீஸ்வரியும் அப்படித்தான் நினைத்தார். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் தம் இடது கையைக் கழுவினார். துடைத்தார். பிரமிளாவிடம் நீட்டினார்.

பதினேழு புள்ளி எட்டு.

"வலது கையயும் பாருங்க" என்றார். பழம் பிடித்த கை. எச், ஐ என்று விழுந்தது.

"வாராவாரம் நான் பாதி போயிருச்சு, பாதி போயிருச்சுன்னு கைதட்டுனேன்" என்றார் குணாளன். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுவதற்கும் கேட்டது. "போனது பழத்தோட சக்கரை. மிச்சம் நின்னது என்னோடது. மாத்திரை சாப்பிட்டப்ப எனக்கு எட்டுதான் இருந்துச்சு. இப்ப பதினெட்டு. எங்கக்காவ நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். அவங்களுக்கு ஒரு விரல் போச்சு."

கழுத்துப் பட்டையைக் கழற்றித் தாம்பாளத்தில் போட்டார். ஜெகதீஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கழுவிய கையா, பழம் பிடித்த கையா என்று அப்போது பார்க்கவில்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. தண்ணீர்ப் பாட்டில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தங்கள் இடது கைகளைக் கழுவிக்கொண்டு மேடையை மொய்த்தார்கள். சுவாமிகள் திடீரென்று தியானத்துக்கு நேரமாகிவிட்டதை உணர்ந்து பின்வாசல் பக்கம் நகர்ந்தார். சந்திரசேகரன் காவித் துண்டை எட்டிப் பிடித்தார். துண்டோடு தோள்பையும் கழன்று விழுந்தது. பைக்குள்ளிருந்து விபூதிப் பொட்டலம், காடிச் சாவி, கைப்பேசி, ஒரு பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் தரையில் உருண்டன.

பெட்டியைத் திறந்தவர் குணாளன். அவருக்கு அது பழக்கமான பெட்டி. அவர் வீட்டிலும் ஒன்று காலியாகக் கிடக்கிறது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் காலை, மாலை என்று தனித்தனிக் கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி. ஞாயிறு காலைக் கட்டம் மட்டும் காலி. ஞாயிறு மாலை முதல் மற்ற கட்டங்கள் எல்லாம் நிரம்பி இருந்தன. கூடவே ஒரு மருந்து உறை. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டைக் குணாளன் உரக்கப் படித்தார்.

"ஜெயராஜ். மெட்ஃபார்மின். ரெண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு."

"யாரு ஜெயராஜ்?" என்றார் சந்திரசேகரன்.

எல்லாரும் சுவாமிகளைப் பார்த்தார்கள். இமயமலைக்குப் போயிருந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் ஜெயராஜ் சுங்கை பட்டாணியில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார் என்பதைப் பிரமிளா பிறகு காவல் நிலையத்தில் சொன்னார். குழாய்த் தண்ணீரில் கம்பியை விட்டுப் பழுப்பாக்கிக் காட்டி, 'இதையா குடிக்கிறீங்க?' என்று மிரட்டி விற்கிற தொழில். தண்ணீரை வைத்து மிரட்டுவதில் இருந்து தண்ணீரை வைத்து மயக்குவதற்குப் பதவி உயர்வு பெற்றிருந்தார், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்தில் மருத்துவர் சொன்னபடி, வேளை தவறாமல், சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை விழுங்கியவர் ஒரே ஒருவர்தான். அவர் மேடையில் இருந்தார்.

மறுநாள் காலை குணாளனை அழைத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி கிளினிக்குக்குப் போனார். போகுமுன் ஒரு தகராறு. வீட்டில் எஞ்சியிருந்த ஓர் அட்டையைக் குணாளன் கண்டுபிடித்து, நாலைந்து மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன செய்றீங்க?"

"விட்டதெல்லாம் சேத்துச் சாப்பிட்டுர்றேன். சீக்கிரம் எறங்கணும்ல?"

தீர்த்தத்தை நம்பியவர் இப்போது மாத்திரையைத் தீர்த்தமாக்கப் பார்க்கிறார். ஜெகதீஸ்வரி அவற்றைப் பிடுங்கிப் பையில் போட்டு, அப்படியே நூருல் ஹுதா முன் வைத்தார்.

"அண்ணே, நல்லாக் கேளுங்க" என்றார் நூருல் ஹுதா. "விட்ட மாத்திரைய எப்பவும் சேத்து முழுங்காதீங்க. ஒரு வேளை மறந்துட்டா, அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடக் கூடாது. இப்ப நீங்க ரொம்ப நாள் விட்டுட்டீங்க. மறுபடி எந்த அளவுல தொடங்கணும்னு டாக்டர்தான் சொல்லணும். ரத்தம் எடுத்து, கிட்னியும் பாத்துட்டுத்தான் சொல்வாரு."

"கிட்னி... மாத்திரையால..."

"மாத்திரை இல்லண்ணே. வருசக்கணக்கா எறங்காம நிக்கிற சக்கரைதான் கிட்னியக் கெடுக்கும். கிட்னி எப்படி இருக்குன்னு பாத்து மாத்திரை அளவ நாங்களே மாத்துவோம். அதுக்குத்தான் வரச் சொல்றது."

இரத்தம் எடுத்தார்கள். மருத்துவர் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் குணாளனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. புதிதாக எழுதிய மருந்தை நூருல் ஹுதா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இது சாப்பாட்டோடு, இல்லாவிட்டால் வயிறு கலக்கும். இது சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

"இதப் போட்டுட்டு மட்டும் பட்டினி கெடக்காதீங்க. சக்கரை ஒரேயடியா எறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், தல சுத்தும். அப்படி வந்தா உடனே இனிப்புத் தண்ணி குடிச்சிட்டு உக்காந்துடுங்க. அப்புறம் கைய..."

"கழுவிட்டுக் குத்திப் பாக்குறேன்" என்றார் குணாளன்.

"அந்த வேர், இந்தப் பொடின்னு யாராவது குடுத்தா?"

"ஒங்கள்ட்ட கேட்டுட்டு."

"பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு இதே வியாதின்னா உங்க மாத்திரையத் தருவீங்களா?"

குணாளன் யோசித்தார். தருகிறவர்தான் அவர். தாராள மனசு. "மாட்டேன்" என்றார் வருத்தத்தோடு. "அவங்களுக்கு வேற அளவு இருக்கும்."

அங்கிருந்து இருவரும் ஃபெர்ரி ஏறி பாகான் டாலாம் போனார்கள். நவமணி கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். குணாளன் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏன்டா நிக்கிற? வா" என்றார் நவமணி. "ஒன்பது விரல் இருக்கு இன்னும். அதையும் எவனுக்காவது குடுத்துட்டு வந்தியா?"

குணாளன் அழுதார். நவமணி அழவில்லை. மாத்திரை வேளை வந்துவிட்டது, தண்ணீர் எடுத்து வா என்றார். தம்பி எடுத்து வந்தார்.

ஜெயராஜ்மீது வழக்கு நடக்கிறது. மண்டபத்தில் இப்போது திரைச்சீலை தைக்கிறார்கள். ஆனால் அவருடைய பக்தர்கள் எல்லாரும் ஒரே நாளில் அறிவாளிகளாகிவிட்டார்கள் என்று நினைத்தால் அது அடுத்த மூடநம்பிக்கை. "சாமி நம்ம நம்பிக்கையச் சோதிச்சாரு" என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேறு சிலருக்கு வேறு விதமாகப் புரிந்தது.

சென்ற மாதம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரியின் காலில் ஒரு பெண்மணி திடீரென்று விழுந்தார். மண்டபத்தில் பார்த்த முகம்.

"அம்மா, ஒங்க கையில சக்தி இருக்கும்மா! நீங்க தொட்டவுடனே அஞ்சுக்கு எறங்கிருச்சே, நான் என் கண்ணால பாத்தேன். எனக்கும் ஒரு தரம் தொட்டு விடுங்கம்மா!"

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பயபக்தியோடு பார்த்தார்.

ஜெகதீஸ்வரி பெண்மணியைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"கும்புடுறதுக்கு ஆள் தேடுறத நிறுத்திட்டு, கிளினிக்குக்குப் போம்மா. சாமியத் தொட்டீங்க, தீர்த்தத்தத் தொட்டீங்க, இப்ப என் காலையும் தொட்டாச்சு. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதை எப்பத் தொடப் போறீங்க?"